கார் சாவியும் கால் டம்ளர் சூப்பும்

அப்பாவுக்குப் பொட்டாசியம் ஆறு புள்ளி ஒன்று என்று வந்த மாதம், அம்மா வாழைப்பழத்தை வீட்டைவிட்டு விரட்டினாள். அடுத்த மாதம் ஆறு புள்ளி நான்கு வந்தது. தக்காளி போனது, ஆரஞ்சு போனது, உலர்ந்த திராட்சை டப்பாவோடு எதிர்வீட்டுக்குப் போனது. மூன்றாவது மாதம் ஆறு புள்ளி ஒன்பது என்று வந்தபோது வீட்டில் விரட்டுவதற்கு அப்பாவைத் தவிர வேறு எதுவும் பாக்கி இல்லை.

அப்பாவின் சிறுநீரகங்கள் இரண்டும் போன வருடமே வேலையை விட்டுவிட்டன. வாரத்தில் மூன்று நாள் காலையில் அவர் டயாலிசிஸ் நாற்காலியில் சாய்ந்து, இடது கையை இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டு மதியம் வரை கிடக்க வேண்டும். ரத்தம் ஒரு குழாய் வழியாக வெளியே போய்க் குளித்துவிட்டு இன்னொரு குழாய் வழியாகத் திரும்பி வரும். நடுவில் இருக்கும் நாட்களில், சாப்பாட்டிலிருந்து சேருகிற பொட்டாசியம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை. அளவு மீறினால் இதயத்தோடு வம்புக்குப் போகும்.

துணைக்குப் போவது நான். காலையில் அம்மாவுக்குச் சமையல் இருக்கும். எங்களோடு இருக்கும் மாமாவுக்குத் தூக்கம் இருக்கும்.

அப்பா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். சொந்தமாக ஒரு பயிற்சிப் பள்ளி. பள்ளி என்றால் ஒரு கார், ஒரு பலகை, ஒரு ரசீதுப் புத்தகம். காரில் ஓட்டுபவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்காரும் அப்பாவுக்கு ஒரு பிரேக். இருபது வருடம் அந்தப் பக்கத்து இருக்கையிலேயே இருந்ததால் அவருடைய கால் எங்கே போனாலும் பிரேக்கைத் தேடும். டயாலிசிஸ் நாற்காலியில் சிஸ்டர் ஊசியோடு வேகமாக வந்தால் கால் தானாக அழுந்தும்.

"மாஸ்டர், காலை ஆட்டாதீங்க" என்பார் சிஸ்டர்.

"நீங்க வர்ற ஸ்பீடு அப்படி. தூரத்துலயே கியரைக் குறைச்சிருக்கணும்."

பக்கத்து நாற்காலியில் ஒரு தபால்காரர். ஓய்வு பெற்றுவிட்டார், ஆனாலும் அடுத்தவருக்கு வந்த சேதியை அறியாமல் அவரால் இருக்க முடியாது. மாதா மாதம் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தவுடன் எட்டிப் பார்ப்பார்.

"எவ்ளோ மாஸ்டர்?"

"நீங்க முதல்ல சொல்லுங்க."

"அஞ்சு புள்ளி ரெண்டு. பாஸ்!"

"எனக்கு ஆறு புள்ளி ஒம்போது" என்றார் அப்பா. "சின்ன வயசுல மார்க் குறைஞ்சா அடிச்சாங்க. இங்க கூடினா அடிக்க வர்றாங்க. நான் எப்பத்தான் கரெக்டா மார்க் வாங்குறது?"

அதற்குள் டாக்டரம்மா ஓடி வந்தார். மிகவும் இளம் வயது. எப்போதும் நடக்கிற அவர் ஓடி வந்ததிலேயே நான் எழுந்து நின்றுவிட்டேன். அப்பாவின் மார்பில் ஒயர்களை ஒட்டினார்கள். தாளில் கோடு ஓடியது. குட்டி மேடாக இருக்க வேண்டிய இடமெல்லாம் கூரான கூடாரமாக நின்றது.

"பாருங்க மாஸ்டர், இது உங்க ஹார்ட்டு" என்றார் டாக்டரம்மா.

அப்பா கழுத்தை நீட்டிப் பார்த்தார். "ஸ்பீட் பிரேக்கர் கொஞ்சம் ஓவரா போட்டிருக்காங்களே."

"சிரிக்கிற விஷயம் இல்ல இது. வண்டி அதுல ஏறினா இறங்காது."

கால்சியம் ஊசி போட்டார்கள். அது இதயத்துக்குக் காவலாம். பிறகு குளுக்கோஸும் இன்சுலினும். மூக்கில் ஒரு முகமூடி மாட்டி மருந்துப் புகை விட்டார்கள். முகமூடிக்குள்ளிருந்து அப்பா, இன்சுலின் எதற்கு, தனக்குச் சர்க்கரையே இல்லையே என்று கேட்டார்.

"இன்சுலின், ரத்தத்துல இருக்கிற பொட்டாசியத்தை செல்லுக்குள்ள தள்ளி ஒளிச்சு வைக்கும். கொஞ்ச நேரத்துக்குத்தான். உடம்பை விட்டு வெளிய எடுக்கிறது மிஷின்தான்."

"அதாவது, டோவிங் வண்டி வர்ற வரைக்கும் ஓரமா பார்க் பண்ணி வைக்கிறீங்க."

டாக்டரம்மா சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டார். சிரிப்பு அடங்கியதும்தான் குண்டு போட்டார். "இந்த நிலைமையில நீங்க கார்ல உக்காந்து சொல்லிக் குடுக்கக் கூடாது. திடீர்னு உங்க ஹார்ட் நின்னுட்டா, ஓட்டத் தெரியாத ஒருத்தர் கையில வண்டி. யோசிச்சுப் பாருங்க. அஞ்சரைக்குக் கீழ கொண்டு வாங்க, அப்புறம் ஏறுங்க."

வீட்டுக்கு வந்து இதை நான்தான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஆணியில் தொங்கிய கார் சாவியை எடுத்துத் தன் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள்.

"அஞ்சரைக்குக் கீழ வரட்டும். சாவி வரும்."

"அதுவரைக்கும் என்னோட ஸ்டூடண்ட்ஸுக்கு யாரு சொல்லிக் குடுப்பா?"

"என் தம்பி இருக்கான்."

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார். பொட்டாசியத்துக்கு அசையாத மனிதர் அவர்.

மாமாவுக்கு ரிவர்ஸ் என்று பெயர் வைத்தது அப்பாதான். ஓட்டுநர் தேர்வில் பின்பக்கம் எடுக்கச் சொன்னபோது மாமா அதிகாரியின் நாற்காலியை எடுத்துவிட்டார். அதிகாரி எழுந்து நின்றிருந்ததால் பிழைத்தார். அந்த மாமா இப்போது தினமும் காலை (காலை என்றால் அவர் எழுந்த பிறகு) அம்மாவின் கழுத்தருகே வந்து பணிவாகக் குனிந்து சாவியை வாங்கிக்கொண்டு போவார். மாலையில் திரும்பக் கோத்துவிடுவார். அப்பா ஜன்னலில் நின்றுகொண்டு, வண்டி தெருமுனை தாண்டும் வரை காதாலேயே ஓட்டுவார்.

"ரெண்டாவது போடு. போடுடா... ஐயோ, கிளட்ச் அழுவுதே. நாலாவதுக்கு எதுக்குடா போற, அது என்ன உன் மாமனார் வீடா?"

முதல் வாரம் பக்கவாட்டுக் கண்ணாடி ஒன்று வீட்டுக்குத் திரும்பவில்லை. அடுத்து பின்பக்கத்தில் ஒரு பள்ளம்; பூனைக்குட்டி படுத்துக்கொள்ளலாம், அந்த அளவுக்கு. மாமாவிடம் படித்த ஒரு ஆசிரியை, திரும்புவதற்கு முன்னால் வைப்பரைப் போட்டுக் காட்டினார் என்று செய்தி வந்தது.

"அதனால என்ன அத்தான்? கையாட்டி டாட்டா சொல்ற மாதிரி இருக்கு. பின்னாடி வர்றவனுக்குப் புரியும்ல" என்றார் மாமா.

"மச்சான், உனக்கு ஒரு விஷயம் தெரியுமா? ரேடியேட்டர்ல தண்ணி ஊத்தணும்."

"எல்லாம் பாத்துக்கிறேன் அத்தான். நீங்க உடம்பைப் பாருங்க."

உடம்பைப் பார்க்கிற வேலையை அம்மா எடுத்துக்கொண்டாள். அவளுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்: அப்பா எங்கேயோ திருட்டுத்தனமாகத் தின்கிறார். வெளியே போய் வந்தால் வாயை ஊதிக் காட்டச் சொல்வாள்.

"ஊதுங்க."

"நான் என்ன குடிச்சிட்டா வர்றேன்?"

"குடிச்சிருந்தா விட்டிருப்பேன். ஊதுங்க. இது வாழைப்பழ வாசனையா?"

"அது டூத் பேஸ்ட்."

டூத் பேஸ்ட்டை எடுத்து வந்து பின்பக்கத்தில் சின்ன எழுத்துகளை என்னைப் படிக்கச் சொன்னாள். மாமா காரில் விட்டுப்போன வாழைப்பழத் தோல் ஒன்று கிடைத்த நாளில் வீட்டில் பெரிய விசாரணையே நடந்தது. தோல் மேசை நடுவில் கிடந்தது. அப்பா தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

"சத்தியமா நான் தின்னல. உன் தம்பியைக் கேளு."

"அவனைத்தான் கேட்டேன். ஞாபகம் இல்லைங்கிறான்."

"வாழைப்பழம் தின்னது கூட ஞாபகம் இல்லாதவன்கிட்டத்தான் என் வண்டி இருக்கு!"

அப்பா தின்னவில்லை. எனக்குத் தெரியும், வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் வழியிலும் அவரோடு இருப்பவள் நான். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், அம்மா விசாரிக்கும்போது குறுக்கே பேசும் தைரியம் அந்த வீட்டில் குக்கருக்கு மட்டும்தான் உண்டு.

மறுபடியும் சோதித்துப் பார்க்க டாக்டரம்மா இரண்டு வாரம் கழித்து நாள் குறித்திருந்தார். அந்த இரண்டு வாரமும் அம்மா காய்கறிகளோடு போர் செய்தாள். ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்பவரை எல்லோரும் சாப்பாட்டு மேடம் என்பார்கள். காயைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, வடித்துவிட்டுச் சமைக்க வேண்டும் என்று அவர் ஆரம்பத்திலேயே சொல்லித்தந்திருந்தார். அம்மா அதற்கு மேலேயும் போனாள். உருளைக்கிழங்கைக் கடுகளவுக்கு நறுக்கினாள். ஒரு தடவை வேகவைத்த இடத்தில் மூன்று தடவை வேகவைத்தாள். பீன்ஸ், கேரட், கீரை, பூசணி என்று வீட்டுக்குள் நுழைந்த எதுவும் நிறத்தோடு தட்டுக்கு வரவில்லை. அப்பாவின் தட்டைப் பார்த்தால் துவைத்துக் காயப்போட்ட மாதிரி இருக்கும்.

"இது என்ன காய்?" என்று கேட்பார் அப்பா.

"கேரட்."

"பாவம், ரொம்ப நாள் சீக்கா இருந்துச்சோ?"

தட்டின் ஓரத்தில் மட்டும், முதல் மாதத்திலிருந்தே, ஒரு நல்ல விஷயம் இருக்கும். கால் டம்ளர் சூப். பழுப்பு நிறத்தில் கெட்டியாக, மணமாக, கரண்டி நட்டால் நிற்கும் போல. சாயங்காலம் ஆனால் சமையலறையில் அம்மா அதைக் கிண்டுவது கேட்கும். கழுத்துச் சாவி பாத்திர விளிம்பில் பட்டுக் கிணிங் கிணிங் என்று சத்தம் போடும். அப்பா அந்தச் சத்தத்துக்கே நாக்கைச் சப்புக்கொட்டுவார். சூப்பைக் கடைசிச் சொட்டு வரை வழித்துக் குடிப்பார்.

"இது ஒண்ணுலதாம்மா எனக்கு உசுரே இருக்கு."

அம்மாவுக்குப் பெருமை தாங்காது. நாளைக்கு இன்னும் கெட்டியாக வைப்பாள்.

இரண்டு வாரம் முடிந்தது. முடிவு வந்தது. ஏழு.

தபால்காரர் கூட எவ்வளவு என்று கேட்கவில்லை. மறுபடியும் ஒயர், கூடாரம், ஊசி, புகை. இயந்திரத்தை ஓடவிட்டு, டாக்டரம்மா என்னைப் பார்த்து, "வீட்டுல எல்லாரையும் வரச் சொல்லும்மா. இப்பவே" என்றார். சாப்பாட்டு மேடமும் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

மாமா அம்மாவைக் காரில் அழைத்து வந்தார். அம்மாவின் முகம் வெளுத்திருந்தது. பாதி அப்பாவால், பாதி மாமாவால். கையில் ஒரு பிளாஸ்க். நேரே அப்பாவின் காலடியில் போய் நின்றாள்.

"சொல்லுங்க. எங்க தின்னீங்க? உசுரு போற நேரத்துலயாவது உண்மையைச் சொல்லுங்க."

"போற நேரம்னு யாரு சொன்னா? மிஷின் ஓடுதுல்ல?" என்றார் அப்பா. "நான் ஒண்ணும் தின்னல. நீ என்னை நம்ப மாட்டேங்கிற. அந்த ரிவர்ஸை நம்பி ஒரு காரையே குடுத்திருக்க. என்னை ஒரு வாழைப்பழத்துக்கு நம்ப மாட்டேங்கிற."

எப்போதும் போலத்தான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டு முகத்தை இயந்திரத்தின் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் கால் பிரேக்கைத் தேடவில்லை. நீட்டினபடியே கிடந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

சாப்பாட்டு மேடம் அம்மாவை உட்காரவைத்தார். "நீங்க காய் எப்படிச் சமைக்கிறீங்கன்னு சொல்லுங்கம்மா."

அம்மா சொன்னாள். இந்த ஊரில் யாரும் அப்படிச் சமைத்திருக்க மாட்டார்கள் என்கிற தெம்போடு சொன்னாள். கடுகளவு. மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் புதுத் தண்ணீர். மேடம் தலையாட்டிக்கொண்டே வந்தார். டாக்டரம்மாவும் ஆட்டினார். தபால்காரரும் ஆட்டினார்.

"அருமைம்மா. நானே இவ்ளோ சொல்லல. வடிச்ச தண்ணியை?"

"அதை எதுக்கு வீணாக்குறது?" என்றாள் அம்மா.

தலைகள் நின்றன.

"சத்தெல்லாம் அதுலதானே இருக்கு? மூணு தடவைத் தண்ணியையும் ஒண்ணா ஊத்தி, அடுப்புல வச்சுச் சுண்ட விட்டுருவேன். இவருக்குத் தண்ணி அதிகம் குடுக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அதான் ஒரு பானைத் தண்ணியைக் கால் டம்ளரா ஆக்கிடுவேன்." பிளாஸ்கைத் திறந்தாள். வாசனை அறை முழுக்கப் போனது. "இந்தாங்க, நீங்களே பாருங்க. இது இல்லாம இருந்தா மனுஷன் என்னைக்கோ சுருண்டிருப்பாரு."

சாப்பாட்டு மேடம் பிளாஸ்குக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். கிணற்றுக்குள் விழுந்த குழந்தையைப் பார்ப்பது மாதிரி இருந்தது.

"அந்தத் தண்ணியில பொட்டாசியம் இருக்காதான்னு யோசிக்கலயாம்மா?"

"அதான் கொதிக்குதே! தளதளன்னு மூணு மணி நேரம் கொதிக்குது. அதுக்கப்புறமும் அது உசுரோடவா இருக்கும்?"

இயந்திரம் மட்டும் தன் பாட்டுக்கு டிக் டிக் என்று ஓடியது. சாப்பாட்டு மேடம் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, பொட்டாசியம் கிருமி இல்ல. கொதிக்க வச்சா சாகாது. அது உப்பு மாதிரி. உப்புத் தண்ணியைச் சுண்ட வச்சா என்ன ஆகும்?"

அம்மா யோசித்தாள். "உப்பு... இன்னும் கரிக்கும்."

சொன்ன வாய் அப்படியே நின்றது. பிளாஸ்கைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். மூன்று மாதமாக ஒவ்வொரு முடிவும் வந்த பிறகு இன்னும் நிறையக் காய், இன்னும் நிறையத் தண்ணீர், இன்னும் கெட்டியான சூப். எல்லாம் அவள் கண்ணுக்குள் வரிசையாக வந்து போவது எனக்கே தெரிந்தது.

"அடிப்பாவி" என்றாள், தன்னையே.

"அப்ப நான் நிரபராதி!" அப்பா நாற்காலியில் எழும்பப் பார்த்தார். சிஸ்டர் தோளைப் பிடித்து அழுத்தினார். "கேட்டியா மச்சான்? கேட்டீங்களா தபால்காரரே? ஊரெல்லாம் போய்ச் சொல்லுங்க! ரெண்டு வாரமா வாயை ஊதவிட்டா என்னை!"

தபால்காரர் ஊரெல்லாம் சொல்லத் தயாராகத்தான் இருந்தார். ஆனால் அம்மாவின் தோள் குலுங்க ஆரம்பித்தது. அம்மா அழுது நான் பார்த்ததில்லை. அப்பாவும் பார்த்திருக்க மாட்டார் போல. அவர் முகத்திலிருந்த வெற்றி, ரோட்டில் மாடு படுத்திருப்பதைக் கண்ட வண்டி மாதிரி சட்டென்று நின்றுவிட்டது.

"இந்தாம்மா... இங்க பாரு. எல்லாம் சூப்பால மட்டும்னு சொல்ல முடியாது டாக்டர்" என்றார். தொண்டையைச் செருமினார். "உண்மையைச் சொல்லிடறேன். நடுவுல நானும் ரெண்டு வாழைப்பழம் தின்னேன்."

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அம்மா அழுகையை நிறுத்திவிட்டாள்.

"மாஸ்டர், இப்பத்தானே நிரபராதின்னீங்க?" என்றார் தபால்காரர்.

"நீங்க உங்க மிஷினைப் பாருங்க."

டாக்டரம்மா பேனாவை எடுத்தார். "வாழைப்பழமா? அப்ப பவுடரும் எழுதிடறேன். தினமும் மூணு வேளை, தண்ணியில கலந்து."

அந்தப் பவுடரைப் பற்றி அங்கே எல்லோருக்கும் தெரியும். குடலுக்குள் போய்ப் பொட்டாசியத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே வரும். குடிப்பதற்கு, சிமெண்ட் மூட்டையை நக்குவது போல இருக்கும் என்று தபால்காரர் ஒரு முறை அழுதிருக்கிறார்.

"டாக்டர், அது சின்ன வாழைப்பழம்" என்றார் அப்பா அவசரமாக.

"எவ்ளோ சின்னது?"

"ரொம்பச் சின்னது. பாதி கீழ விழுந்துடுச்சு."

"ரெண்டு வேளை" என்று எழுதினார் டாக்டரம்மா.

அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மா பவுடரைக் கலக்கி அப்பாவின் முன் வைத்தாள். அப்பா மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். முகம் சுருங்கித் திரும்பப் பழைய அளவுக்கு வர வெகு நேரம் ஆனது.

"ஒரு பொய் கூட ஒழுங்கா சொல்லத் தெரியல உங்களுக்கு" என்றாள் அம்மா. "ஆப்பிள்னு சொல்லியிருக்கக் கூடாதா? அதுல பொட்டாசியம் கம்மி. பவுடர் தப்பிச்சிருக்கும்."

"உனக்கு எப்படித் தெரியும் பொய்யின்னு?"

"தினம் ஊதவிட்டேன்ல?"

அப்பா சிரித்தார். பற்களெல்லாம் பவுடர்.

அதற்கப்புறம் வடித்த தண்ணீர் வாசலில் இருந்த செம்பருத்திக்குப் போனது. ஆறவைத்துத்தான் ஊற்றுவாள். இரண்டே வாரத்தில் அந்தச் செடி பைத்தியம் பிடித்த மாதிரி பூத்தது; இலையைவிடப் பூ அதிகம். அப்பா அதைத் தினமும் பொறாமையோடு பார்ப்பார். "இதுக்கு எவ்ளோ இருக்கும்? பதினஞ்சாவது இருக்கும். இதை எந்த டாக்டரும் திட்டல பாரு."

அடுத்த மாதம் முடிவு வந்தது. நான்கு புள்ளி எட்டு. தபால்காரருக்கு அந்த மாதம் ஐந்து புள்ளி மூன்று; முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஈசிஜியில் கூடாரங்கள் எல்லாம் கலைந்து மேடுகள் ஒழுங்காகப் படுத்திருந்தன. டாக்டரம்மா, பவுடர் வேண்டாம், காரில் ஏறலாம் என்றார். சூப் கூடாது என்று அடிக்கோடிட்டு எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கழுத்துச் சங்கிலியைக் கழற்றினாள். சாவியை உருவி, அப்பாவின் கையில் வைக்கப் போனவள் நிறுத்திக்கொண்டாள்.

"ஒரு நிபந்தனை. முதல்ல எனக்குச் சொல்லிக் குடுங்க."

"உனக்கா? எதுக்கு?"

"அன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு இவன் கூட வந்தேன்ல? உங்க பொட்டாசியத்தை விட அதுதான் பயமா இருந்துச்சு. இனிமே அவசரம்னா நானே ஓட்டிட்டு வர்றேன்."

"அக்கா!" என்றார் மாமா. அவர் மனம் புண்பட்டுவிட்டது. சாப்பாட்டு நேரம் வரை புண்பட்டே இருந்தது.

அப்பா காரைச் சுற்றி வந்து பள்ளங்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பிறகு பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். கால் தன் பிரேக்கைக் கண்டுபிடித்து அதன் மேல் உட்கார்ந்தது. அவர் விட்ட பெருமூச்சு பின்னால் இருந்த எனக்குக் கேட்டது. அம்மா ஸ்டியரிங்கை, ஓடிப்போகப் பார்க்கும் கோழியைப் பிடிப்பது போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

வண்டி கிளம்பியது. முதல் கியரிலேயே தெருமுனை வரை போனோம். முதல் கியரிலேயே கடைவீதி முழுவதும் போனோம்.

"ரெண்டாவது போடலாம்மா."

"இதுவே நல்லாத்தானே போகுது? எதுக்கு மாத்தணும்?"

"நடந்து போறவன் நம்மளை முந்துறான்."

"போகட்டும். அவனுக்கு என்ன அவசரமோ."

பாலத்து ஏற்றத்தில் பாதி ஏறியபோது கார் முன்னாலிருந்து புஸ்ஸென்று ஒரு சத்தம். மூடிக்கு அடியிலிருந்து வெள்ளை வெளேரென்று ஆவி. அப்பா பிரேக்கை அழுத்தி நிறுத்தினார்.

"ரேடியேட்டர்! படிச்சுப் படிச்சுச் சொன்னேன் அந்த ரிவர்ஸ்கிட்ட!"

இறங்கி ஓரமாக நின்றோம். சூடு கொஞ்சம் தணியட்டும் என்று அப்பா எங்களைத் தள்ளியே நிறுத்தினார். உள்ளே மிச்சமிருந்த தண்ணீர் தளதளவென்று கொதித்து, காருக்கு அடியில் பழுப்பு நிறத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. அம்மா குனிந்து உற்றுப் பார்த்தாள். அவள் பார்வை மெதுவாகப் பின் இருக்கைக்குப் போனது. அங்கே அன்றைக்குச் சூப் கொண்டுவந்த பிளாஸ்க் காலியாகக் கிடந்தது.

அப்பா அவளையும் பார்த்தார், பிளாஸ்கையும் பார்த்தார்.

"இதையாவது பிடிச்சு வைக்காம கீழ போக விடும்மா" என்றார்.

அம்மா அவர் முதுகில் ஒன்று போட்டாள்.